பிந்தி வரும் கோச்சியும் பெண்களின் நேரமும்

எங்கள் ஊர்களில் வயதானவர்கள் இன்றைக்கும் புகையிரதத்தைக் ‘கோச்சி’ என்றுதான் சொல்வார்கள். “கோச்சி வந்திட்டுதோ?” என்ற கேள்வி வடபகுதி மக்களின் வாழ்க்கையோடு ஒட்டிய ஒரு கேள்வி. ஒரு தலைமுறை அந்தக் கேள்வியை மேடையில் நின்று கேட்டது. அதற்கு அடுத்த தலைமுறை கேட்பதற்குக் கோச்சியே இல்லாமல் வளர்ந்தது. போர் முடிந்த பின்னர் வளர்ந்த பிள்ளைகள் அதே கேள்வியை மறுபடி கேட்கிறார்கள், கொஞ்சம் சலிப்போடு.

ஒரு சமூகப் பணியாளராகப் பல வருடங்கள் இந்த வடபகுதிப் பாதையில் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையே போய் வந்திருக்கிறேன். அந்தப் பயணங்களில் கூட இருந்த பெண்களிடம் கேட்டறிந்தவற்றையும், அந்தப் பாதையைப் பற்றி அறிந்தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வண்டி பிந்துவது ஒரு சின்ன விடயம் போலத் தெரியலாம். ஆனால் தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் ஒரு பெண்ணுக்கு அது சின்ன விடயமல்ல.

இந்தப் பாதையின் கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வடக்குக்குத் தண்டவாளம் வந்துவிட்டது. 1905 இல் கொழும்பும் காங்கேசன்துறையும் ஒரே பாதையால் இணைந்தன. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அரசாங்க உத்தியோகத்துக்கும் படிப்புக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் எல்லோரும் அதில்தான் போனார்கள். விடுமுறைக்கு வீடு வருபவர்களைக் கூட்டிச் செல்ல ஸ்ரேசனுக்குப் போவது அந்த நாளில் ஒரு கொண்டாட்டம் என்று எங்கள் அம்மாமார் சொல்வார்கள்.

1985 ஜனவரியில் கொக்காவில் பகுதியில் யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை முற்றாக நின்றுபோனது. அதற்குப் பிறகு நடந்ததை இதை வாசிக்கும் சகோதரிகள் பலர் நேரில் கண்டவர்கள். தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. ஸ்ரேசன் கட்டடங்கள் உடைந்து சுவர்களாக நின்றன. பாதை ஓடிய இடத்தில் பற்றை வளர்ந்தது. சில இடங்களில் அந்த மேட்டின் மேல் நடந்துதான் நாங்கள் இடம்பெயர்ந்தோம்.

போர் முடிந்த பின்னர் இந்தியக் கடனுதவியுடன் பாதை மீளவும் போடப்பட்டது. 2011 இல் ஓமந்தை வரையும், 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 மார்ச்சில் பளை வரையும் வண்டி வந்தது. 2014 ஒக்ரோபர் 13 ஆம் திகதி யாழ்ப்பாணம் வந்தடைந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையைத் தொட்டது. 24 வருடங்களுக்குப் பிறகு வந்த வண்டியைப் பார்க்கப் பாதையின் இரு பக்கமும் சனம் நின்றது. அந்தக் கூட்டத்தில் முதன்முதலாகக் கோச்சியைக் கண்ட இளம் தாய்மாரும் இருந்தார்கள்.

வவுனியாவிலிருந்து வடக்கே போனால் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று காடும் வயலும் மாறி மாறி வரும். முறிகண்டி தாண்டிக் கிளிநொச்சி. பரந்தனுக்குப் பிறகு மரங்கள் குறைந்து வெளி விரியும். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீரும் உப்பளமும். அந்த இடத்தில் பெட்டிக்குள் பேச்சு ஒரு நிமிடம் அடங்குவதை நான் பல முறை கவனித்திருக்கிறேன். யாருக்கு எந்த நினைவு என்று கேட்க வேண்டியதில்லை. பிறகு பளைத் தென்னைகள், எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி, நாவற்குழி என்று ஒவ்வொரு ஊராக வந்து யாழ்ப்பாணம்.

யார் இந்த வண்டியில் போகிறார்கள்?

தூரப் பயணிகள் ஒரு பக்கம் இருக்க, தினமும் வேலைக்குப் போய் வருபவர்கள் மறுபக்கம். ஆசிரியைகள், தாதியர், பிரதேச செயலகங்களில் வேலை செய்பவர்கள், கடைகளில் நிற்கும் பிள்ளைகள், துப்புரவு வேலை செய்யும் அக்காமார், சந்தைக்குப் பை சுமக்கும் அம்மாமார் என்று பெண்கள் நிறையப் பேர். 2022 இல் பெற்றோலும் டீசலும் இல்லாமல் நாடு வரிசையில் நின்ற காலத்தில், அந்த ஜூலை மாதத்தில், வேலைக்குப் போவோருக்காகக் காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையே ‘யாழ் ராணி’ என்ற சேவை தொடங்கப்பட்டது. உள்ளூர்ப் பயணத்துக்குக் கோச்சி எவ்வளவு தேவை என்பதை எல்லோரும் உணர்ந்த காலம் அது.

பஸ் இருக்க ஏன் கோச்சி என்று பெண்களிடம் கேட்டிருக்கிறேன். கட்டணம் குறைவு, சீசன் எடுத்தால் இன்னும் குறைவு. மலசலகூடம் இருக்கிறது. எழும்பி நிற்கலாம், நடக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் மூட்டு வருத்தக்காரருக்கும் உடம்பு குலுங்காது. இவை எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் உடனே ஒரு பெருமூச்சும் வரும்: “நேரத்துக்கு வந்தால் இதை விட நல்லது ஒண்டுமில்லை, பிள்ளை.”

ஏன் பிந்துகிறது?

வண்டி பிந்தினால் சாரதியைத் திட்டுகிறோம், ஸ்ரேசனில் நிற்பவரைத் திட்டுகிறோம். காரணங்களை விளங்கிக்கொண்டால் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் விளங்கும்.

முதலாவது, பொல்காவலையிலிருந்து காங்கேசன்துறை வரை இது ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் ஸ்ரேசன்களில் மட்டுமே ஒன்றையொன்று விலத்த முடியும். தெற்கிலிருந்து வரும் வண்டி ஏதோ ஓர் இடத்தில் அரை மணித்தியாலம் பிந்தினால், அதை விலத்த வேண்டிய வண்டி இங்கே ஒரு ஸ்ரேசனில் காத்து நிற்கும். அது பிந்த, அதற்கு எதிரே வரும் மூன்றாவது வண்டியும் பிந்தும். ஒரு வீட்டில் கிணற்றடிக்கு ஒருவர் பிந்திப் போனால் அன்றைக்கு எல்லோருக்கும் பிந்துவதைப் போலத்தான். நாங்கள் கிளிநொச்சியில் காத்திருப்பதற்கான காரணம் குருநாகலுக்கு அப்பால் எங்கோ இருக்கலாம்.

இரண்டாவது, பாதை வேலைகள். 2023 ஜனவரியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையிலான பழைய பாதை திருத்தத்துக்காக மூடப்பட்டு, அந்த ஜூலையில் திறக்கப்பட்டது. 2024 இல் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையிலான பகுதி மூடப்பட்டு, ஒக்ரோபர் இறுதியில்தான் கொழும்பு - யாழ்ப்பாணச் சேவை மீண்டும் ஓடியது. அந்தப் பகுதிக்கான புதிய சமிக்ஞை முறை 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடு முழுவதும் பாதைகளை அரித்துச் சென்றது. வடக்குப் பாதையும் தப்பவில்லை. இவற்றில் எதையும் ஒரு சாரதியோ ஒரு ஸ்ரேசன் மாஸ்ரரோ தடுத்திருக்க முடியாது.

மூன்றாவது, கடவைகளும் கால்நடைகளும். வடக்கில் பாதை திரும்பி வந்தபோது ஒரு தலைமுறைக்குத் தண்டவாளப் பழக்கமே இருக்கவில்லை. காவலில்லாத கடவைகளில் பல உயிர்கள் போயின. பொலிஸ் ஊடாகச் சிறிய நாட்கூலிக்கு அமர்த்தப்பட்ட கடவைக் காவலாளர்கள் வெயிலிலும் மழையிலும் நின்று எங்கள் பிள்ளைகளைக் காத்தார்கள். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் பல தடவை வீதிக்கு இறங்கியதும் நினைவிருக்கும். மட்டக்களப்புப் பாதையில் பிரச்சினை யானைகள். 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி அதிகாலை, ஹபரணைக்கு அண்மையில் மட்டக்களப்பிலிருந்து வந்த வண்டி யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்தன, வண்டியும் தடம்புரண்டது. அப்படியான இடங்களில் இரவில் வேகத்தைக் குறைத்து ஓடுவதால் வண்டி பிந்தினால் அது குற்றமல்ல. உயிர் காக்கும் தாமதம் அது.

ஆகவே எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. தவிர்க்க முடியாத தாமதம் உண்டு. பாதுகாப்புக்கான தாமதம் உண்டு. ஆனால் இயந்திரம் பழுதாகி மாற்று இயந்திரம் இல்லாமல் நிற்பதும், வேலைநிறுத்தம் என்று தெரியாமல் விடிய எழும்பி வந்து மேடையில் நிற்பதும், என்ன நடந்தது என்று யாருமே சொல்லாமல் விடுவதும் வேறு வகை. திட்டமிட்டால், கொஞ்சம் அக்கறைப்பட்டால், இவற்றைக் குறைக்கலாம்.

20 நிமிடம் என்பது எவ்வளவு?

தென்மராட்சியிலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வந்த ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். கணவர் 2009 இல் காணாமல் போனவர். ஒரு மகள், அப்போது பன்னிரண்டு வயது. சகோதரி ஒரு கடையில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்தா. எட்டரைக்குப் பிறகு போனால் அரைநாள் சம்பளம் வெட்டு. வண்டி சில நாட்கள் சரியாக வரும், சில நாட்கள் 20 நிமிடம் பிந்தும், சில நாட்கள் ஒரு மணித்தியாலம். எந்த நாள் எப்படி என்று தெரியாது. ஆகவே அவ கோச்சியை விட்டுவிட்டு, கூடுதல் காசு கொடுத்து, விடியப்புறம் முதல் பஸ்ஸுக்குப் போகத் தொடங்கினா. அதற்காக நான்கு மணிக்கு எழும்பவேண்டும். மகள் தானே எழும்பி, தானே தலை இழுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகவேண்டும்.

அட்டவணையில் அது 20 நிமிடத் தாமதம். அந்த வீட்டில் அது ஒரு மணித்தியால நித்திரை, கூடுதல் பஸ் காசு, தாயின் கையால் பின்னாத தலை. வண்டி ஒவ்வொரு நாளும் சரியாக 20 நிமிடம் பிந்தி வந்திருந்தால் அவ அதற்கேற்றபடி ஒழுங்கு செய்திருப்பா. அவவின் வாழ்க்கையைக் குழப்பியது எந்த நாளை நம்புவது என்று தெரியாமல் இருந்ததுதான். நாங்கள் கேட்க வேண்டியது முதலில் வேகமான வண்டியை அல்ல, நம்பக்கூடிய வண்டியை.

பின்னேரத் தாமதத்துக்கு இன்னொரு விலை உண்டு. ஆறு மணிக்கு வரவேண்டிய வண்டி ஏழரைக்கு வந்தால் ஊருக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். ஓட்டோ பிடித்தால் அன்றைய உழைப்பில் பெரும்பகுதி போய்விடும். நடந்து போனால் இருட்டு, வெளிச்சமில்லாத ஒழுங்கை, நாய்கள், ஆட்கள். இவை எல்லாவற்றையும் கடந்து வீட்டு வாசலுக்கு வந்தால், அயலில் ஒரு குரல்: “இந்த நேரத்தில் எங்கையிருந்து வாறாள்?” கணவரோடு வாழும் பெண்ணிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. வண்டி பிந்தியது அவவின் நடத்தையின் மேல் எழுதப்படுகிறது. இதைச் சொல்லி என்னிடம் அழுத பெண்கள் ஒருவர் இருவரல்ல.

கொழும்புக்குக் கிளினிக் போகும் தாய்மாருக்கு வேறு கவலை. இரவு வண்டியில் ஏறி, விடிய இறங்கி, மஹரகமைக்குப் பஸ் எடுத்து, இலக்கம் எடுக்கவேண்டும். வண்டி பிந்தினால் இலக்கம் தவறும். இலக்கம் தவறினால் கொழும்பில் ஓர் இரவு தங்கவேண்டும். உறவினர் இல்லாத, சிங்களம் தெரியாத ஒரு நோயாளிக்கு அந்த ஓர் இரவு வருத்தத்தை விடப் பெரிய பயம்.

காத்திருப்பவர் யார்?

காத்திருத்தல் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்று சமூகவியலில் சொல்வார்கள். அமெரிக்க சமூகவியலாளர் பரி சுவாட்ஸ் 1975 இல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். வசதியும் அதிகாரமும் உள்ளவருக்காக மற்றவர் காத்திருப்பார்கள். இல்லாதவர் எல்லோருக்காகவும் காத்திருப்பார் என்பது அதன் சாரம். பல்கலைக்கழகத்தில் படித்தபோது இது ஒரு பரீட்சைக் குறிப்பாக இருந்தது. வன்னியில் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் அதன் பொருள் விளங்கியது.

எங்கள் பெண்கள் எதற்கெல்லாம் காத்திருந்தார்கள்! சோதனைச் சாவடியில், நிவாரண அரிசிக்கு, முகாமில் தண்ணீர் பவுசருக்கு, வீட்டுத்திட்டப் பட்டியலுக்கு, காணிப் பத்திரத்துக்கு, காணாமல் போனவர் பற்றிய ஒரு வரிப் பதிலுக்கு. இப்படிப் பழகியதால், வண்டி பிந்தும்போதும் ‘எங்களுக்கு இதுதான் விதி’ என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். மோட்டார் சைக்கிள் உள்ளவர் அதில் போய்விடுவார். கார் உள்ளவருக்கு வண்டி பிந்தியதே தெரியாது. மேடையில் மிஞ்சி நிற்பவர்கள் வேறு வழியில்லாதவர்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பது தற்செயலல்ல.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வண்டி பிந்தினால் நெரிசல் கூடும். நெரிசல் கூடினால் சேட்டையும் கூடும். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு ஒன்று, இலங்கையில் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் நூற்றுக்கு 90 பெண்கள் பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாகச் சொன்னது. பொலிஸை நாடியவர்கள் நூற்றுக்கு 4 பேர் மட்டுமே. தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி இது தண்டனைக்குரிய குற்றம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இதை உங்கள் மகளின் கைத்தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

ஒரே வண்டியில் தினமும் போகும் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு கொப்பி வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்கு, ஒவ்வொரு நாளும், வண்டி வரவேண்டிய நேரம், வந்த நேரம், அறிவித்தல் செய்தார்களா, எந்த மொழியில் செய்தார்கள் என்று எழுதுங்கள். “எப்போதும் பிந்துகிறது” என்று சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். “இந்த மாதம் இத்தனை நாள், இத்தனை நிமிடம்” என்று எழுத்தில் கொடுத்தால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரசையும் அரச நிறுவனம் ஒன்றிடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். எங்கள் வண்டி கடந்த ஆண்டில் எத்தனை நாள் பிந்தியது, எத்தனை நாள் ரத்தானது, காரணம் என்ன என்று கேட்பதற்கு இந்தச் சட்டம் வழி தருகிறது. உங்கள் கொப்பியையும் அவர்களது பதிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய கோரிக்கைகள் பல உண்டு. வண்டி பிந்தினால் எவ்வளவு பிந்தும் என்று தமிழிலும் அறிவிப்பது. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. இது சலுகையல்ல, உரிமை. சிறிய ஸ்ரேசன்களில் மேடை முழுவதும் வெளிச்சம். பூட்டில்லாத, தண்ணீர் உள்ள பெண்கள் மலசலகூடம். கடைசி பஸ் பின்னேர வண்டி வரும் வரை நிற்க ஓர் ஏற்பாடு. இதைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டு செல்லலாம். மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கையெழுத்து வைத்தால் அதற்குப் பலம் கூடும்.

எங்களுக்குள்ளேயும் செய்யவேண்டியவை உண்டு. வேலைக்குப் போகும் தாய் பிந்தி வரும் நாட்களில் அயல்வீட்டுப் பிள்ளையை எங்கள் வீட்டில் இருத்தி வைக்கலாம். ஒரே ஒழுங்கைக்குப் போகும் நான்கு பெண்கள் சேர்ந்து ஓர் ஓட்டோ பேசி வைத்தால் செலவு நான்கில் ஒன்றாகும். கடை முதலாளியிடம் ஒருத்தியாகக் கேட்காமல் நான்கு பேராகப் போய், “கோச்சி பிந்தின நாளுக்குப் பின்னேரம் நிண்டு வேலை செய்யிறம், சம்பளத்தை வெட்டாதேங்கோ” என்று கேட்கலாம். ஓரிடத்தில் இப்படிக் கேட்டுச் சம்மதம் பெற்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருட்டில் வீடு வரும் ஒரு பெண்ணைப் பார்த்து “எங்கையிருந்து வாறாய்?” என்று கேட்பதற்குப் பதிலாக, “சாப்பிட்டியோ?” என்று கேட்கலாம். இதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் தேவையில்லை.

பதுங்குகுழிக் கூரையாகிப் போன தண்டவாளம் திரும்பவும் போடப்பட்டது. பாதை போட்டதோடு வேலை முடியவில்லை. அந்தப் பாதையில் ஒரு பெண் நம்பி ஏறி, வேலை செய்து, வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து, மகளின் தலையைப் பின்னிவிடக் கூடியதாக இருக்கவேண்டும். சகோதரிகளே, அடுத்த மாதம் முதலாம் திகதியே ஒரு கொப்பியை எடுங்கள்.